நட்ட கை வெட்டத் தயங்குவதேன்?

தேக்கு வளர்ப்போர் படும் சங்கடங்களும் சங்கம் செய்யத்தக்க உதவிகளும்

கிணற்றுப் பாசனத்தை நம்பி வாழும் குடியானவர்களில் பலர், கூலி ஏறியதையும் கிணற்றில் நீர் இறங்கியதையும் கண்டு, நிலத்தில் ஒரு பகுதியையேனும் மரத்துக்கு விட்டுவிடலாம் என்று எண்ணத் தொடங்கி நெடுநாளாயிற்று. தேக்கும் மலைவேம்பும் குமிழும் மகாகனியும் வரப்புகளிலும் வயல்களிலும் இடம்பெற்றுவிட்டன. 2021-22ஆம் ஆண்டில் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தின் வாயிலாகத் தமிழ்நாட்டு வேளாண்மை இலாகா மரக்கன்றுகளை இலவசமாகவும் வழங்கிற்று. ஆகவே, நடுவதில் ஊக்கக் குறைவு இல்லை. குறை தோன்றுவது நட்டு நாலைந்து ஆண்டுகள் ஆனபிறகே. பக்கக் கிளைகளை உரிய காலத்தில் கவாத்துச் செய்க, நெருக்கமாக நிற்கும் மரங்களில் பாதியை வெட்டி அகற்றுக என்று நிபுணர்கள் கூறும் முறைகள், எத்தனையோ தோப்புகளில் காகிதத்தோடு நின்றுவிடுகின்றன.

விவசாயிகளின் அறியாமையே இதற்குக் காரணம் என்று கூறிவிடுவது எளிது. அவ்வாறு கூறுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நெல்லில் புது ரகம் வந்தால் இரண்டே போகத்தில் அதன் குணதோஷங்களை எடைபோட்டுவிடும் அதே விவசாயிதான் மரத்தின் விஷயத்தில் தயங்குகிறார். அவர் தயக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை அறிந்துகொள்ளாமல் அவருக்குச் செய்யும் உபதேசம் பயன்படாது. இதனை விளக்கத் தேக்கு என்னும் ஒரு மரத்தையும், 'கலைத்தல்' என்னும் ஒரு முறையையும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முறை கூறுவது யாது?

தேக்கை இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் நடுவது வழக்கமான சிபாரிசு. அவ்வாறு நட்டால் ஏக்கருக்குச் சுமார் 1,000 கன்றுகள் நிற்கும். கன்றுகள் நெருங்கி நின்றால், வெளிச்சத்தை நாடி நேராக உயரும். பக்கக் கிளைகள் அடங்கும். தரையில் நிழல் விழுந்து களை குறையும். இந்த நன்மைகள் நாலைந்து ஆண்டுகளுக்கே. அதன்பின், ஒரே தட்டில் உண்ணும் பத்துப் பேரைப்போல, மரங்கள் ஒன்றன் உணவை மற்றொன்று பறிக்கத் தொடங்கும். உயரம் கூடினாலும் பருமன் கூடாது. ஆகவே நான்கு அல்லது ஐந்தாம் ஆண்டில் பாதியையும், எட்டு முதல் பத்தாம் ஆண்டுக்குள் எஞ்சியதில் பாதியையும் வெட்டிவிட வேண்டும் என்பது முறை. ஆயிரம் ஐந்நூறாகி, ஐந்நூறு இருநூற்றைம்பது ஆகும்.

இதனால் விளையும் லாபத்தை மரவாடிக் கணக்கைக் கொண்டே காட்டலாம். நம் நாட்டு மரவாடிகள் பலவற்றில் உருண்டை மரத்தை அளக்கும் முறை, சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவதாகும். 1736-இல் இங்கிலாந்தில் எட்வர்டு ஹாப்பஸ் என்பவர் வெளியிட்ட கணக்குப் புத்தகத்தால் பரவியமையின், இதனை ஹாப்பஸ் அளவு என்பர். 9 அடி நீளமும் 16 அங்குலச் சுற்றளவும் உள்ள மரம் இக்கணக்குப்படி 1 கன அடி. அதே நீளத்தில் 32 அங்குலச் சுற்றளவுள்ளது 4 கன அடி. 48 அங்குலமாயின் 9 கன அடி. சுற்றளவு இரட்டித்தால் கன அளவு நான்கு மடங்காகிறது. மும்மடங்கானால் ஒன்பது மடங்காகிறது. அது மட்டுமன்று. பருத்த மரத்தில் வைரம் மிகுதி, வெளிறு குறைவு. ஆதலால் கன அடி ஒன்றுக்குக் கிடைக்கும் விலையும் கூடும். ஒல்லியான நான்கு மரங்கள் சேர்ந்தாலும் பருத்த ஒரு மரத்தின் விலைக்கு ஈடாகா. கலைத்தலின் சூட்சுமம் இதுவே.

இம்முறை எங்கே பிறந்தது?

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் விவசாயி ஏன் தயங்குகிறார்? விடை காண, இம்முறை எவ்விடத்தில் உருவாயிற்று என்று பார்க்க வேண்டும். 1840-களில் மலபார் கலெக்டராக இருந்த கானலி துரை, சாத்து மேனன் என்பவரைக் கொண்டு நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைத்தார். உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று பெயர் பெற்ற அதன் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. கேரள வன இலாகாவின் தோட்டங்களில் 4, 8, 13, 20, 30, 44 ஆகிய ஆண்டுகளில் கலைத்து, அறுபதாம் ஆண்டை ஒட்டி இறுதியாக வெட்டுவது பின்பற்றப்பட்டு வந்த ஒழுங்கு.

அந்த ஒழுங்கு சிறந்ததே. ஆனால் அதை நடத்தியவர் யார்? அரசாங்கம். அரசாங்கத்துக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு உண்டு. சொந்தக் கிடங்கு உண்டு. மரத்தைக் கொண்டுசெல்ல வேறொருவரிடம் அனுமதி கேட்கும் அவசியம் இல்லை. அறுபது ஆண்டு காத்திருந்தாலும் அடுப்பு அணையாது. ஒன்றரை ஏக்கர் உடைய குடியானவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம் பழமொழி. தேக்கை வைத்தவனுக்குப் பார்த்துவிட்டுப் போவதே மிச்சம் என்னும் எண்ணம் அவர் மனத்தில் இருப்பதில் வியப்பென்ன? பெருங்காட்டுக்கு அமைந்த முறையைச் சிறு வயலுக்கு அப்படியே பெயர்த்து நடும்போது வேர் பிடிக்காமற் போவது இயல்பு.

தயக்கத்தின் காரணங்கள்

முதற் காரணம் சிறு மரத்துக்கு விலை இல்லாமை. ஐந்தாம் ஆண்டுத் தேக்கில் பெரும்பகுதி வெளிறே. அது பந்தற்காலாகவோ, கழியாகவோ, விறகாகவோ போகும். வெட்டுக் கூலியும் வண்டிச் சத்தமும் கொடுத்தபின் கையில் நிற்பது சொற்பம். சில சமயம் கைப்பணம் போட நேர்வதும் உண்டு. கலைத்தலின் பலன் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து வரும். செலவோ இன்றே வரும். மேலும், நடுத்தரப் பருமனுள்ள தேக்குக்கு வெளிநாட்டுப் போட்டியும் உண்டு. ஈக்வடார், கோஸ்டாரிகா முதலிய நாடுகளின் தோட்டத் தேக்கு கப்பலேறி நம் துறைமுகங்களுக்கு வருகிறது.

இரண்டாவது, எந்த மரத்தை வெட்டுவது என்னும் கேள்வி. கோணலையும் நோயுற்றதையும் ஒடுங்கியதையும் வெட்டி, நேரானதையும் திரண்டதையும் நிறுத்த வேண்டும் என்பது முறை. வியாபாரிக்கு வேண்டுவதோ இதற்கு நேர் எதிர். 'நானே ஆள் வைத்து வெட்டிக்கொள்கிறேன், உங்களுக்கு ஒரு செலவும் இல்லை' என்று இனிக்கப் பேசி வருபவர், தோப்பில் திரண்ட மரங்களை எடுத்துக்கொண்டு சவலைகளை விட்டுச் செல்வார். பார்வைக்குப் பாதி குறைந்தது போலவே இருக்கும்; உண்மையில் தோப்பின் முதலே போயிற்று. இப்படி ஒருமுறை ஏமாந்த ஊரில் கலைத்தல் என்ற சொல்லுக்கே மதிப்பிராது.

மூன்றாவது, காகிதத் தொல்லை. தமிழ்நாட்டில் 1968-ஆம் ஆண்டு மரப்போக்குவரத்து விதிகள் உள்ளன. சவுக்கு போன்ற சில மரங்களுக்கு விலக்கு உண்டு. பிறவற்றை எடுத்துச் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று என்று அலைந்து சீட்டுப் பெறுவதற்குள், ஐந்நூறு கழிகளின் விலை பஸ் செலவிலும் கெட்டுப்போன கூலியிலும் கரைந்துவிடும். வெட்டுவதற்கும் கொண்டுசெல்வதற்கும் உள்ள இத்தகைய கட்டுப்பாடுகள் மரம் வளர்ப்போருக்குத் தடையாவதை 2014-ஆம் ஆண்டின் தேசிய வேளாண் காடுகள் கொள்கையே ஒப்புக்கொண்டது. 2023 டிசம்பரில் தேசிய அளவில் இணையவழி அனுமதி முறை ஒன்றும் தொடங்கப்பட்டது. ஆயினும் பழைய அச்சம் எளிதில் நீங்குவதில்லை. தன் பட்டா நிலத்தில் முளைத்த சந்தன மரத்துக்கே உரியவன் முழு உரிமை கொண்டாட முடியாதிருந்த நிலை, தமிழ்நாட்டில் 2002-இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே மாறிற்று என்பதை முதியோர் மறக்கவில்லை.

நான்காவது, நில உரிமை. கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுபவர், இருபது ஆண்டுப் பயிருக்காக இன்று ஒரு மரத்தை இழக்க எப்படித் துணிவார்? அண்ணன் தம்பிகள் பெயரில் கூட்டுப் பட்டாவாக உள்ள நிலத்தில், 'யாரைக் கேட்டு வெட்டினாய்?' என்னும் ஒரு கேள்வி போதும், குடும்பம் இரண்டாக. வரப்பில் நிற்கும் மரமாயின் பக்கத்து நிலக்காரரின் வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

ஐந்தாவது, இடரச்சம். 2011 டிசம்பரில் கடலூர் கரையைத் தாக்கிய தானே புயலும், 2018 நவம்பரில் நாகை, தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளைச் சூறையாடிய கஜா புயலும் ஒரே இரவில் எத்தனை தோப்புகளைத் தரைமட்டமாக்கின! பத்து நின்றால் ஐந்து போனாலும் ஐந்து மிஞ்சும் என்று கணக்கிடுபவரை மூடர் என்று சொல்ல இயலாது. அவருக்கு ஒவ்வொரு மரமும் ஒரு உண்டியல். பெண்ணின் கல்யாணமோ, ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் அன்று உடைக்க வேண்டிய உண்டியலை இன்றே பாதி உடைப்பானேன் என்று எண்ணுகிறார்.

ஆறாவது, நம்பிக்கைக் கேடு. 1990-களில் தேக்குத் தோட்டக் கம்பெனிகள் பல தோன்றி, சில ஆயிரம் ரூபாய் கட்டினால் இருபது ஆண்டில் லட்சங்கள் கிடைக்கும் என்று விளம்பரம் செய்தன. பணம் கட்டியவர்களில் ஏராளமானோர் இழந்தனர். கூட்டு முதலீட்டுத் திட்டங்களைக் கட்டுப்படுத்தப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம் 1999-இல் விதிகள் வகுத்தது. அந்தக் காயத்தின் தழும்பு இருக்கும்வரை, தேக்கைப் பற்றி யார் நல்லது சொன்னாலும், 'இவருக்கு இதில் என்ன லாபம்?' என்றே கேட்பவர் மனம் ஓடும்.

உபதேசம் செய்வோருக்கு

இக்காரணங்களை நோக்கினால், விவசாயிக்குத் தெரியாதது சிறிது. அவரால் தனியே இயலாதது பெரிது என்பது விளங்கும். தெரியாத சிறிதைத் தெரிவிப்பதிலும் முறை மாறவேண்டும். துண்டுப் பிரசுரத்தைவிடக் கண்ணெதிரே நிற்கும் மரம் நன்றாகப் பேசும். ஓர் ஊரில் ஒரே ஒரு தோப்பில், பத்து சென்ட் நிலத்தை மட்டும் முறைப்படி கலைத்து, மற்றதை அப்படியே விடலாம். இரு பகுதிகளிலும் இருபது மரங்களுக்கு எண்ணிட்டு, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், நாடாவால் சுற்றளவு எடுத்து நோட்டில் எழுதி வரலாம். மூன்றாம் ஆண்டில் அந்த நோட்டே ஊருக்கு உபதேசம் செய்யும். செலவு ஒரு நாடாவும் ஒரு டப்பி வர்ணமும்தான்.

இடத்துக்கேற்ற யோசனையும் வேண்டும். நீர் தேங்கும் களிமண்ணில் தேக்கு செழிக்காது. ஆழமான, வடிகால் உள்ள மண்ணே அதற்கு உகந்தது. அத்தகைய மண் இல்லாதவரிடம் கலைத்தலைப் பற்றிப் பேசுவது வீண். ஊடுபயிரை நம்பியிருப்பவருக்கு, இரண்டு மீட்டர் இடைவெளியில் மூன்றாம் ஆண்டே நிழல் மூடிவிடும் என்பதை முன்கூட்டிச் சொல்லி, தொடக்கத்திலேயே அகன்ற வரிசையிலோ வரப்பில் மட்டுமோ நடச் சொல்லலாம். அப்படி நட்டால் வெட்டி எறிய வேண்டிய மரம் குறையும். ஆனால் கிளை மிகும், கவாத்து வேலை கூடும். இரண்டில் எது தமக்குத் தகும் என்று அவரே தீர்மானிக்கட்டும்.

சங்கம் என்ன செய்யலாம்?

தனியே இயலாததைச் சேர்ந்து செய்வதற்கென்றே கூட்டுறவு பிறந்தது. இதை நெசவாளர்களான அங்கத்தினர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தனி ஒரு நெசவாளர் சிட்ட நூல் வாங்கச் சென்றால் வியாபாரி சொன்னதே விலை, அவர் நிறுத்ததே எடை. நூறு தறிக்காரர் சங்கமாகச் சேர்ந்து வாங்கும்போது விலை கேட்கும் உரிமையும் எடையைச் சரிபார்க்கும் துணிவும் தாமே வருகின்றன. மரத்திலும் அப்படியே. பின்வரும் காரியங்கள் பெரும் முதல் இன்றியே தொடங்கத்தக்கவை.

ஒன்று, அடையாளமிடுதல். வியாபாரி தோப்புக்குள் காலெடுத்து வைக்கும்முன், பயிற்சி பெற்ற ஒருவர் எந்த மரம் வெட்டுக்குரியது என்று வர்ணம் பூசிவிட வேண்டும். சங்கத்துக்கு இரண்டு இளைஞர்களைத் தேர்ந்து, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியையோ, கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தையோ அணுகி, அவர்களுக்கு இப்பயிற்சி கிடைக்க வழிசெய்யலாம். வர்ணம் பூசாத மரத்தில் கோடரி விழுந்தால் இன்ன தொகை என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், இரண்டாவது சங்கடத்தில் பெரும்பகுதி தீர்ந்தது.

இரண்டு, ஒரே மாதத்தில் வெட்டுதல். ஓர் ஏக்கர்க் கழிக்கு லாரி வராது. பத்து ஏக்கர்க் கழிக்கு வரும். ஒரே வயதுள்ள தோப்புகளைப் பதிவேட்டில் குறித்துவைத்து, ஒரே சமயத்தில் கலைத்து, ஒரே இடத்தில் அடுக்கி, பருமன்வாரியாகத் தரம் பிரித்து, ஏலம் விடலாம். பந்தல், வேலி, பண்ணைக் கொட்டகை ஆகியவற்றுக்குக் கழி தேடும் அங்கத்தினர்களுக்கு முதல் உரிமை அளித்தால் இடைத்தரகும் மிச்சமாகும்.

மூன்று, அளவையில் துணை. மேலே கூறிய ஹாப்பஸ் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. 9 அடி நீளம், 32 அங்குலச் சுற்றளவுள்ள மரத்தில் உண்மையாக உள்ளது சுமார் 5 கன அடி. கணக்கில் வருவது 4 கன அடி. அதாவது நூற்றுக்குச் சுமார் 21 பங்கு கணக்கிலேயே கழிந்துவிடுகிறது. அறுக்கும்போது சேதம் உண்டாதலால் இக்கழிவு வழக்கத்தில் ஏற்கப்பட்டதே. ஆனால் இது தெரியாத விவசாயியிடம், 'பட்டைக்குக் கழிவு, கோணலுக்குக் கழிவு, அறுப்புச் சேதத்துக்குக் கழிவு' என்று மீண்டும் மீண்டும் கழிப்பது அநியாயம். சங்கத்தில் ஒரு நாடாவும் ஓர் அளவு அட்டவணையும் இருந்து, அளக்கும்போது சங்க ஊழியர் ஒருவர் உடன் நின்றால், அந்த அநியாயத்துக்கு இடமிராது.

நான்கு, காகித வேலை. பத்துப் பேர் பத்து நாள் அலைவதைவிடச் சங்க எழுத்தர் ஒருவர் பத்துப் பேரின் விண்ணப்பங்களையும் சேர்த்து முடிப்பது சிக்கனம். நடும்போதே எந்த மரம், எத்தனை, எந்தச் சர்வே எண்ணில், எந்த ஆண்டில் என்று பதிவேட்டில் எழுதி, அடங்கலிலும் பதியச் செய்துவிட்டால் வெட்டும் நாளில் வாதம் எழாது. கூட்டுப் பட்டாவாயின், பங்காளிகள் அனைவரின் கையொப்பத்தையும் நடும் நாளிலேயே வாங்கிவைப்பது விவேகம். எந்த மரத்துக்கு அனுமதி வேண்டும், எதற்கு விலக்கு என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, சங்கக் கட்டடத்தின் சுவரில் எழுதி வைக்கலாம்.

ஐந்து, அவசரக் கடன். முற்றாத மரம் கோடரிக்கு இரையாவது பெரும்பாலும் திடீர்ச் செலவினாலேயே. இருபதாம் ஆண்டில் நல்ல விலை போகவேண்டிய மரம் பன்னிரண்டாம் ஆண்டில் அடிமாட்டு விலைக்குப் போகிறது. நிற்கும் மரத்தைப் பதிவேட்டின்படி மதிப்பிட்டு, அதன்பேரில் அளவான கடன் வழங்க விதிகள் இடங்கொடுக்குமா என்று சங்கத்தின் நிர்வாக சபை ஆராய வேண்டும். நகைக்குக் கடன் கொடுப்பது நமக்குப் பழக்கமானதே. ஆண்டுதோறும் பருக்கும் நகை மரம் ஒன்றுதான்.

ஓர் எச்சரிக்கை

இவ்வளவும் செய்தாலும் விலையைச் சங்கம் ஆள முடியாது என்பதை மறைக்கலாகாது. 1980-களின் முற்பகுதியில் பஞ்சாப், ஹரியானா, குஜராத் முதலிய மாநிலங்களில் யூகலிப்டஸ் நட்டவர்கள் நல்ல லாபம் கண்டனர். அதைக் கண்டு எல்லோரும் நட்டனர். எல்லோரும் ஒருங்கே வெட்டியபோது, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில், கழி விலை சரிந்தது. பலர் கட்டையைப் பெயர்த்துவிட்டு மீண்டும் பழைய பயிருக்கே திரும்பினர். கண்டவரெல்லாம் ஒரே மரத்தை ஒரே ஆண்டில் நட்டால் தேக்குக்கும் மலைவேம்புக்கும் அக்கதி நேராதென்று யாரும் உறுதி கூற முடியாது. ஆகையால் நிலம் முழுவதையும் மரத்துக்கு விடாமல் ஒரு பங்கை மட்டும் விடுவதும், இரண்டு மூன்று இனங்களைக் கலந்து நடுவதும், ஆண்டுக்கொரு பகுதியாக நடுவதும் நலம். லட்சக் கணக்கில் வாக்களிக்கும் வேலையைச் சங்கம் ஒருபோதும் செய்யக் கூடாது. அதைச் செய்தவர்கள் விட்டுச்சென்ற அவநம்பிக்கையைத்தான் நாம் இன்றும் சுமக்கிறோம்.

நான்கு முதல் ஆறு ஆண்டு வயதுள்ள தேக்குத் தோப்பை உடைய அங்கத்தினர்கள் இவ்வாண்டே செய்யத்தக்கது ஒன்று உண்டு. இலை அடர்ந்திருக்கும்போதே தோப்பினுள் நடந்து, எந்த மரத்தின் தலை எந்த மரத்தை மூடுகிறது என்று அண்ணாந்து பார்த்து அடையாளமிடுங்கள். இலை உதிர்ந்த மாசி, பங்குனியில் முதலில் பத்து சென்டை மட்டும் கலையுங்கள். வெட்டிய அடிக்கட்டையில் துளிர்க்கும் கிளைகளை அவ்வப்போது ஒடித்துவிடுங்கள். இல்லையேல் கலைத்த பயன் கெடும். சுற்றளவை எழுதி வாருங்கள். அந்த நோட்டைச் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து, மற்றவர் நோட்டுடன் ஒப்பிடுங்கள். எஞ்சிய தொண்ணூறு சென்டை என்ன செய்வதென்று அந்த எண்களைப் பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளலாம்.